செத்ததாகச் சொன்ன சாவி

எச்சில் என்றாலே எனக்கு ஆகாது. வகுப்பில் பிள்ளைகள் எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டினால்கூட எனக்கு வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்டவளை ஆண்டவர் தேடிப்பிடித்து, நாள் முழுக்க வெற்றிலை போடுகிற மாமனார் வீட்டுக்கு மருமகளாக அனுப்பிவைத்தார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் பழகவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு மாமா வாசலுக்குப் போய், சாக்கடையைப் பார்த்துக் குனிந்து, வாய் நிறைய அதக்கி வைத்திருந்ததைத் துப்பினார். குனிந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்த கார் சாவியும் கூடவே போய் விழுந்தது.

"ஏலே ரொனால்டு! இங்க ஓடியா!"

பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாய் நுரையோடு ஓடினார். எங்கள் தெருச் சாக்கடை ஓடுகிற சாக்கடை இல்லை, நிற்கிற சாக்கடை. மாமா விரலை நீட்டிக் காட்டினார்.

"அந்தா, அந்தச் செவப்புக்குப் பக்கத்துல. கைய விடு."

செவப்பு என்றது அவர் துப்பியதைத்தான்.

"ஒரு கம்பி எடுத்தாரேன்ப்பா..."

"நீ கம்பி எடுத்தாரதுக்குள்ள அது அடியில போயிரும். கைய விடுங்கறேன்ல."

நாற்பது வயதுக்காரர், முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். சாவியோடு நிமிர்ந்தபோது விரலிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. மாமா இரண்டடி தள்ளி நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

துப்பியவர் ஒருவர், கை விட்டவர் இன்னொருவர். எனக்கு அந்த நிமிஷம் வந்தது வெறும் குமட்டல்தான். அதில் அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக நடந்ததை ஒரு நடை சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் ராயப்பராஜ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் கோயில் பங்குப் பேரவையில் துணைத்தலைவர். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடத்துகிறவர். அவர் கண்ணில் புரை விழுந்துவிட்டது. கையில் பிடித்த வேதாகமத்தைப் படிப்பார், தூரத்தில் வருவது ஆளா கம்பமா என்று தெரியாது. இனி கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு டிரைவராக வந்தவர் பாக்கியராஜ்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், சின்னாளபட்டி ரோட்டில் எங்கள் வெள்ளைக் கார் சொர்ணலட்சுமி என்கிற நெசவுக்காரப் பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அவளுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தறியைக் காலால் மிதித்துச் சோறு தின்கிறவள். கார் நம்பரைப் பார்த்த ஆள் இருந்தார். ஓட்டியவர் முகத்தைப் பார்த்த ஆள் இல்லை.

அன்றைக்குத் தான் எரியோட்டில் தங்கச்சி வீட்டில் இருந்ததாகவும், காரைத் தொடவே இல்லை என்றும் பாக்கியராஜ் சொன்னார். மத்தியானம் அவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனதாக என் வீட்டுக்காரர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பில் இருந்தேன். மாமா கோயில் அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்னார்.

பாக்கியராஜை யாரும் நம்பாமல் போனதற்குக் காரணம் நான்.

காரில் கடையில் தனியாக வாங்கி மாட்டிய ரிமோட் பூட்டு. ரிமோட்டை அழுத்தாமல் கதவைத் திறந்தால் சைரன் தெருவையே கூட்டிவிடும், வண்டியும் கிளம்பாது. சாவி இரண்டு, ரிமோட் இரண்டு. ஒன்று பாக்கியராஜிடம் இருந்தது; விபத்துக்குப் பிறகு மாமா அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். ஸ்பேர் மாமாவின் அலமாரியில். அதன் பேட்டரி டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நானே அழுத்திப் பார்த்தேன், சத்தமே இல்லை.

"ஸ்பேர் சாவி செத்து ரெண்டு மாசம் ஆச்சு சார். அதை வச்சு யாரும் வண்டியை எடுத்திருக்கவே முடியாது" என்று விசாரிக்க வந்த எஸ்.ஐ.யிடம் அறிவியல் டீச்சர் தோரணையில் அடித்துச் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டு போனார். போன வாரம் பாக்கியராஜை நிற்கவைத்து, "ஒரே பொய்ய எத்தனை தடவைதான் சொல்லுவீங்க?" என்று கேட்டதும் நான்தான்.

அந்த மனிதர் திடீரென்று இறங்கி வந்துவிட்டார். தான்தான் ஓட்டியதாக எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு வேடசந்தூரில் வக்கீல் வீட்டில் கையெழுத்து என்று ஏற்பாடு. ஒருவழியாக மனசாட்சி உறுத்தியதே என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

சாவிக்கு வருகிறேன். சாக்கடையிலிருந்து எடுத்ததைக் குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினோம். வெயிலில் வைத்தோம். ரிமோட்டை அழுத்தினால் பொத்தான் ஓரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர்தான் கசிந்தது. கார் வாசலில் ஊமையாக நின்றது.

"ஸ்பேர் இருக்குல்ல மாமா? ஒரு பேட்டரி மாத்துனாப் போதும்" என்றேன்.

"அது உள்ளயே துருப்பிடிச்சிருக்கும். அதைப் போய் நோண்டாத. பஸ்ஸுல போயிருவோம்."

பஸ்ஸிலா? முக்குக் கடைக்குக்கூடக் காரில் போகிற மனிதர்.

"சிலுவைப்பாதைக்கு அஞ்சரைக்குள்ள திரும்பி வரணும்ல மாமா? பேட்டரி மாத்துறது அம்புட்டுக் கஷ்டமில்ல. எட்டாங்கிளாஸ் பிள்ளைககூடச் செய்யும்."

"பொம்பளைக்கு எதுக்குக் கார் சாமான்? பேசாம போய் வெஞ்சனத்தப் பாரு."

சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். என்னைச் சமையலைப் பார் என்று சொன்னால் நான் செய்ய நினைத்ததை இரண்டு மடங்கு வேகத்தில் செய்வேன். அன்று பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். அலமாரியில் ஜெபமாலை டப்பாவுக்கு அடியில் ஸ்பேர் சாவி இருந்தது. ரிமோட்டின் முதுகில் பேட்டரி எண் பொடி எழுத்தில் இருந்தது: 2032. குறித்துக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் மீரான் பாய் வாட்ச் கடைக்குப் போனேன்.

"இந்த நம்பரு நேத்துத்தான் டீச்சர் வந்துச்சு" என்றார் மீரான் பாய். "டிசம்பர்ல இருந்து இது இல்லாம, கேட்டவங்களுக்கெல்லாம் 2016-தான் குடுத்துக்கிட்டிருந்தேன். வட்டம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அது மெல்லிசு, இது தடிசு. மெல்லிசைப் போட்டா உள்ள ஆடும். ஜிகினாத்தாளை மடிச்சு அண்டக் குடுங்கன்னு சொல்லி அனுப்புவேன்."

"வேலை செய்யுமா பாய்?"

"ஜோராச் செய்யும்."

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு எதற்கு ஊர்க்கதை? தடிச்ச பேட்டரியைத் தாள் உறையோடு வாங்கிப் பர்சில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். ஐம்பது காசை அதில் செருகித் திருகினேன். டக்கென்று இரண்டாகப் பிரிந்தது.

முதலில் வந்தது நாற்றம். சாக்கடை நாற்றம் இல்லை, இது வேறு. கிராம்பும் ஏலக்காயும் சுண்ணாம்பும் வாய் ஆவியும் கலந்து புளித்த நாற்றம். பொத்தான் ரப்பரின் இடுக்கில் செக்கச்செவேல் என்று எச்சில் பிசுக்கு காய்ந்து அப்பியிருந்தது. வெற்றிலை போட்ட விரலால் திரும்பத் திரும்ப அழுத்தினால்தான் அப்படி ஏறும். எனக்கு வாய்க்குள் உமிழ்நீர் சுரந்தது. எழுந்து போய் வாஷ்பேசினில் நின்றுவிட்டு வந்தேன்.

கொண்டை ஊசியால் பேட்டரியை நெம்பினேன். எளிதில் வந்தது, ஏனென்றால் அது மெல்லிசு. மேலே 2016 என்று எழுதியிருந்தது.

அதன் அடியில் ஒரு வெள்ளித்தாள். பாக்குப் பொட்டலத்தின் உள்பக்கத் தாள்.

 பிறகு தாளின் மடிப்பைப் பார்த்தேன். எட்டாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் கீறி, ஓரம் பிசகாமல் சதுரமாக வைத்திருந்தது. உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படி மடிப்பார். அத்தை இஞ்ஞாசியம்மாள் கண்ணை மூடியதிலிருந்து மாமாவின் சட்டைகளைத் துவைக்கிறவள் நான். வாரா வாரம் அவர் சட்டைப்பையிலிருந்து இந்தச் சதுரங்களை நுனிவிரலால் எடுத்துப் போடுகிறவளும் நான்தான்.

பேட்டரி டிசம்பரில் தீர்ந்தது நிஜம். அதன் பிறகு யாருக்கும் சொல்லாமல் மாற்றியிருக்கிறார். கண் தெரியாத மனிதர், யார் கண்ணிலும் படாத நேரமாகப் பார்த்துக் காரை எடுத்திருக்கிறார். ஒரு பெண்ணின் காலை முறித்திருக்கிறார். சாவியைக் கொண்டுவந்து ஜெபமாலைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலத்துக்கும் முழங்கால் போட்டிருக்கிறார். இயேசுவைச் சாவுக்கு அனுப்பிய அந்தப் பிலாத்தாவது தண்ணீரில் கை கழுவினான். இவர் என் வாய்ச்சொல்லில் கழுவிக்கொண்டார்.

மெல்லிசுப் பேட்டரியை வெள்ளித்தாளோடு இருந்த மாதிரியே திரும்ப வைத்து மூடினேன். ஜன்னல் வழியாக நீட்டி அழுத்தினேன்.

கீங், கீங். வாசலில் கார் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டியது.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "அட, மாத்திட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், நான் மறுபடி பிரித்து மேஜையில் வைத்ததைப் பார்த்தார். அந்தச் சதுரத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாக்கியராஜ் காரை எடுத்ததாக இவர் சொன்னது அந்த நேரம் எனக்கு ஓடவே இல்லை; ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மூடு அதை" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மூடுங்கறேன்ல லிடியா."

"என்னைக்கித் தெரியும்?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கே. அப்பா நடுங்கிப்போய் வந்தாரு. பம்பர்ல நூலு ஒட்டியிருந்துச்சு. சேலை நூலு."

எனக்கு ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது இவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். சோம்பேறி மனுஷன் இன்றைக்கு வேலை செய்கிறாரே என்று மகிழ்ந்துபோய், வாளியில் ஷாம்பு கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பக்கம் இன்னும் நல்லாத் தேய்ங்க என்றுகூடச் சொன்னேன்.

"பாக்கியராஜ் வந்து எடுத்துட்டுப் போனாருன்னு சொன்னீங்களே?"

"அப்பா சொல்லச் சொன்னாரு."

"அவரு சொன்னா?"

"எழுபத்தியோரு வயசு லிடியா. கோர்ட்டு, ஸ்டேஷன்னு அலைவாரா? ஊருல அவருக்கு எம்புட்டு மரியாதை இருக்கு."

"பாக்கியராஜுக்கு வயசும் இல்ல, மரியாதையும் இல்லையா? அன்னைக்கி மாமா எங்கதான் போனாரு? சின்னாளபட்டி ரோட்டுல அவருக்கு என்ன வேலை?"

"அதைமட்டும் கேக்காத."

காலையில் சாக்கடையில் கை விட்டதற்கு இவர்மேல் இரக்கப்பட்டிருந்தேன். இப்போது அந்த இரக்கமும் நாறியது. அப்பா துப்புகிற இடத்தில் கையை விட்டே பழகிய ஆள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு போகாமல் இருந்தது. இந்தக் கையா பன்னிரண்டு வருஷம் என் தட்டில் சோறு பிசைந்து ஊட்டியது?

ஒன்றரை மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. பாக்கியராஜ்தான். ரிமோட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். காரோட்டியபோது செருப்போடுதான் உள்ளே வருவார்.

"உள்ள வாங்கண்ணே. அது என்ன கையில?"

"மகளோட மார்க் ஷீட்டு டீச்சர். பிளஸ் டூல எண்பத்தஞ்சு பர்சென்ட்டு. போன வருசம் டீச்சர் ட்ரெய்னிங் கிடைக்கல. கையெழுத்துப் போட்டதும் கான்வென்ட் சிஸ்டர்கிட்டப் பேசி இந்த வருசம் சீட்டு வாங்கித் தாரேன்னு ஐயா சொல்லியிருக்காங்க."

இதுதான் மனசாட்சி உறுத்திய கதை.

அதற்குள் மாமா கோயிலிலிருந்து வந்துவிட்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே கேட்டைத் திறந்தார். கன்னத்தில் வெற்றிலை உப்பியிருந்தது. நான் கையை நீட்டி ரிமோட்டை அழுத்தினேன்.

கீங், கீங்.

மாமா திடுக்கிட்டு நின்றார். ஒரு நொடிதான். பிறகு முகம் மலர்ந்தது.

"புது பேட்டரி போட்டுட்டியா? கெட்டிக்காரி! அப்பக் கார்லயே போயிரலாம். ஏலே ரொனால்டு, கிளம்பு!"

நான் இடது கையை விரித்தேன். மீரான் பாய் கொடுத்த பேட்டரி தாள் உறையோடு அப்படியே இருந்தது.

"புதுசு இன்னும் பிரிக்கவே இல்ல மாமா. இப்பக் கத்துனது உள்ள இருந்த பழசு. உங்க பாக்குத்தாளும் உள்ளதான் இருக்கு."

 பாக்கியராஜ் என் கையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு எப்போதோ தெரிந்ததுதான், எனக்குத்தான் இன்று புரிந்தது.

மாமா வாயிலிருந்ததை நிதானமாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். சாக்கடை ஓரம் போய்த் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"பாக்கியராஜு," என்றார், "மார்க் ஷீட்டு கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேங்கய்யா."

"குடு."

கவர் கை மாறியது. நான் பாக்கியராஜின் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, போன வாரம் உங்களைப் பொய் சொல்றீங்கன்னு சொன்னேன். தப்பு. என்னை மன்னிச்சிருங்க. கையெழுத்துப் போடாதீங்க. இந்தச் சாவி போதும். ஸ்டேஷனுக்கு நானே வாரேன், நான் சொன்னது தப்புன்னு நானே எழுதிக் குடுக்கிறேன்."

அவர் மாமாவின் கையிலிருந்த கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"நாந்தான் ஓட்டுனேன் டீச்சர்."

"அண்ணே!"

"நாந்தான் டீச்சர் ஓட்டுனேன். விட்ருங்க."

என் வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறேன். அத்தனையும் சேர்ந்து இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. சொன்னவர்மேல் அல்ல அந்த அருவருப்பு. சொல்ல வைத்தவர்மேல், சொல்ல வைக்கத் துணைபோன என்மேல்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மாமா. "சாவிய வாங்கு ரொனால்டு."

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். அதே கை. நகக்கண்ணில் அதே கறுப்பு.

"குடு லிடியா."

உறை பிரிக்காத புதுப் பேட்டரியை அந்தக் கையில் வைத்தேன். சாவியைப் பர்சில் போட்டு மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். பின்னால் மாமா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

முக்கில் நின்ற ஆட்டோவில் ஏறி, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"எந்த வார்டு அக்கா? பின்வாசல்ல விட்டா நடை மிச்சமாகும்" என்றார் ஆட்டோக்காரர்.

சொர்ணலட்சுமி எந்த வார்டில் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தரும் போய் அவளைப் பார்த்ததில்லை.